முகவரி யாருக்கு? (செர்ன் ஆய்வகத்தின் தபால் கதை)

இது கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். பரீட்சை எதுவும் கிடையாது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசும் பெண், அன்று குரலே சரியில்லை. "என்னம்மா ஆச்சு?" என்றேன். "சார், வெள்ளிக்கிழமையோட ஒப்பந்தம் முடிஞ்சுது. சனிக்கிழமை காலையில பார்த்தா மெயில் திறக்கல" என்றாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரைக்கு, திருத்தம் கேட்டு அந்த வாரத்தில்தான் கடிதம் வர வேண்டும். கட்டுரையில் அச்சாகப் போவதும் அந்த முகவரிதான். மூன்று வருடக் கடிதப் போக்குவரத்து முழுவதும் உள்ளே. விசாரித்தால், "ஊழியர் பட்டியலில் பெயர் இல்லை, அதனால் கணக்கு தானாக மூடிவிட்டது" என்றார்களாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பல இடங்களில் இதுதான் நடக்கிறது.

நானும் முப்பத்துமூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். புரோட்டான், நியூட்ரான் நடத்தும்போதெல்லாம் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் அங்கே மோதவிட்ட துகள்களைப் பற்றித்தான் சொன்னேனே தவிர, அங்கே கடிதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்ததே இல்லை. இந்தப் பெண்ணின் போனுக்குப் பிறகுதான், முன்பு படித்து வைத்ததையும், அங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்த நம் பையன் ஒருவன் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன்.

செர்ன் 1954இல் 12 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தொடங்கியது. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் இருக்கிறது. இந்தியா 2004இல் பரிசளித்த நடராஜர் சிலை அங்கே நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2017 முதல் இந்தியா அதன் இணை உறுப்பு நாடு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நம் கதைக்கு வேண்டியது வேறொரு கணக்கு. செர்னில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் சுமார் 2,500 பேர்தான். ஆனால் அங்கே ஆராய்ச்சி செய்பவர்கள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவரவர் பல்கலைக்கழகம். செர்ன் அவர்களை 'பயனர்கள்' என்கிறது. வருவார்கள், சில மாதம் இருப்பார்கள், ஊருக்குப் போவார்கள், அங்கிருந்தபடியே வேலையைத் தொடர்வார்கள். கல்யாண வீட்டில் வீட்டுக்காரர்கள் பத்துப் பேர், பந்தியில் ஐம்பது பேர் என்பது போல. இப்படிப்பட்ட இடத்தில் யாருக்கெல்லாம் கடிதப் பெட்டி கொடுப்பது என்ற கேள்வி முதல் நாளிலேயே வந்துவிடும்.

1980களில் அங்கே ஒரே இமெயில் கிடையாது, நாலு விதம் இருந்தது. ஐபிஎம் பெரிய கணினியில் வேலை செய்தவர்கள் 'எர்ன்' என்ற ஐரோப்பியக் கல்வி வலையமைப்பில் இருந்தார்கள். அது அமெரிக்காவின் பிட்நெட்டோடு சேர்ந்தது. வாக்ஸ் கணினிக்காரர்கள் டெக்நெட்டில் இருந்தார்கள். அவர்கள் கணினியின் பெயரை எழுதி, இரண்டு முக்காற்புள்ளி போட்டு, ஆளின் பெயரை எழுதுவார்கள். யூனிக்ஸ்காரர்கள் வழி முழுவதையும் முகவரியிலேயே எழுத வேண்டும்: ஆம்ஸ்டர்டாம் கணினி, ஆச்சரியக்குறி, செர்ன் கணினி, ஆச்சரியக்குறி, பெயர். நம் ஊரில் 'பெரிய கோயிலில் இறங்கி, பிள்ளையார் தெருவில் திரும்பி, மூன்றாம் வீடு' என்று சொல்வது போல. நாலாவது, எக்ஸ்.400 என்ற சர்வதேசத் தரம். அதில் நாடு, நிர்வாகம், நிறுவனம், குடும்பப்பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்புப் போட்டு, அரசாங்க விண்ணப்பம் நிரப்புவது போல நிரப்ப வேண்டும்.

ஒரே பரிசோதனையில் வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவர் ரோமில் வாக்ஸ் கணினியில், மற்றவர் வேறொரு நாட்டில் ஐபிஎம் கணினியில். இவர் எழுதியது அவருக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஒருவர் கடிதத்தின் உறையைப் பிரித்து, வேறு உறையில் போட்டு, வேறு விதமாக முகவரி எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்த கணினிக்குப் பெயர் கேட்வே. பழைய ஆட்களுக்கு ரயில்வே மெயில் சர்வீஸ் நினைவிருக்கும். மீட்டர்கேஜ் வண்டியில் வந்த மூட்டையை இறக்கி பிராட்கேஜ் வண்டியில் ஏற்றுவார்களே, அதே வேலைதான். இதற்காக எழுதிய மென்பொருள்களில் எரிக் ஆல்மன் எழுதிய 'சென்ட்மெயில்' பெயர் பெற்றது. அவர் படித்த பெர்க்லியிலும் இதே மாதிரி பல வலையமைப்புகள் மோதிக்கொண்டதால் பிறந்தது அது. அதன் அமைப்புக் கோப்பைப் படிப்பது கல்வெட்டைப் படிப்பதைவிடக் கஷ்டம் என்று பழைய கணினிக்காரர்கள் இன்றும் புலம்புவார்கள்.

உறை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் எழுத்தும் கெட்டுப்போகும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐபிஎம் கணினிகள் எழுத்துக்கு 'எப்சிடிக்' என்ற எண்முறை வைத்திருந்தன. மற்றவை 'ஆஸ்கி'. ஆங்கில எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒழுங்காக மாறிவிடும். ஆனால் சதுர அடைப்பு, நெளிவு அடைப்பு போன்ற குறிகள் ஒரு கேட்வேயில் ஒரு மாதிரியும், இன்னொன்றில் வேறு மாதிரியும் மாறும். கணினி நிரலை மெயிலில் அனுப்பினால் போய்ச் சேரும்போது அது ஓடாது. கணிதச் சமன்பாடு அனுப்பினால் அடைப்புக்குறி காணாமல் போயிருக்கும். இயற்பியல்காரர்களுக்கு அடைப்புக்குறி போனால் பிராணன் போன மாதிரி.

1992இல் மெயிலோடு கோப்புகளை இணைத்து அனுப்ப 'மைம்' என்ற விதி வந்தது. அதில் 'பேஸ்64' என்று ஒரு முறை. எந்தக் கோப்பையும் 64 குறிகளுக்குள் அடக்கி எழுதுவது. எந்த 64? பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு. கூட்டிப் பாருங்கள். இவற்றை மட்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஆஸ்கியிலும் சரி எப்சிடிக்கிலும் சரி, எந்த கேட்வேயில் நுழைந்தாலும் இவை சேதமில்லாமல் வெளியே வரும் என்பதுதான். இன்று நீங்கள் பேரனின் போட்டோவை மெயிலில் அனுப்பும்போது, என்றைக்கோ ஒரு கேட்வே தின்றுவிட்ட அடைப்புக்குறிக்காகச் செய்த ஏற்பாடு இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

செர்னின் ஆட்சிமொழிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும். ஏழு பிட் ஆஸ்கியில் பிரெஞ்சு எழுத்தின் மேலே போடும் கோடுகளுக்கு இடமில்லை. அவர்கள் தங்கள் மொழியைக் கோடில்லாமலே எழுதிப் பழகினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் தமிழ் மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் இருந்த என் மைத்துனர் 2000 வாக்கில் திஸ்கி எழுத்துருவில் ஆசையாகத் தட்டி அனுப்பியது. வந்து சேர்ந்தது ஒரு பக்கம் நிறையக் கேள்விக்குறி. "என்னத்தான், கேள்வி மேல கேள்வியா கேட்டிருக்கீங்க?" என்று நான் ஆங்கிலத்தில் பதில் போட்டேன்.

சரி, நாலு முறை இருந்தால் ஒன்றாக்க வேண்டியதுதானே? ஆக்கலாம். ஆனால் எந்த ஒன்று? ஐரோப்பிய அரசாங்கங்களும் தொலைபேசித் துறைகளும் எக்ஸ்.400 போன்ற சர்வதேசத் தரங்களே வர வேண்டும் என்றன. அமெரிக்காவிலிருந்து வந்த இன்டர்நெட் விதிகளைப் பலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். செர்னில் பென் சீகல் என்பவர் 1985இலிருந்து உள் வலையமைப்பில் இன்டர்நெட் விதிகளைக் கொண்டுவரும் பொறுப்பில் இருந்தார். முதலில் வளாகத்துக்குள் மட்டும்தான். 1989 ஜனவரியில் வெளி உலகத்தோடு இணைப்புத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் மிகப்பெரிய இன்டர்நெட் தளம் செர்ன்தான். கமிட்டி போட்டு வந்த தரம் தோற்று, வேலைக்கு உதவிய தரம் வென்றது. நான் பல கமிட்டிகளில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

அதே 1989 மார்ச்சில்தான் டிம் பெர்னர்ஸ்-லீ தன் திட்டக் குறிப்பை எழுதினார். வேர்ல்டு வைடு வெப் பிறந்த கதையைப் பலரும் சொல்வார்கள். அந்தக் குறிப்பில் அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: ஆட்கள் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களோடு தகவலும் போய்விடுகிறது. என் மாணவியின் மூடிய பெட்டியும் அதே நோய்தான்.

வெப் வந்த புதிதில் பல ஊர்களில் மெயில் மட்டும்தான் இருந்தது, இணைய இணைப்பு இல்லை. அவர்களுக்காகச் செர்ன் கணினி ஒன்றில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். 'அனுப்பு' என்ற கட்டளையோடு பக்கத்தின் முகவரியை எழுதி ஒரு மெயில் போட்டால், அந்தப் பக்கத்தின் எழுத்துகள் பதில் மெயிலாக வரும். அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் தொடங்கிய ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியமும், இன்று நாம் ஆர்க்கைவ் என்று சொல்வது, முதலில் மெயிலுக்குப் பதில் போடும் ஓர் ஏற்பாடுதான். அதுவரை அச்சிட்ட முன்வரைவு கப்பல் தபாலில் வரும் வரை மாதக்கணக்கில் காத்திருந்த நம் நாட்டு விஞ்ஞானி, மெயில் முகவரி ஒன்று இருந்தால் பிரின்ஸ்டன்காரர் படிக்கும் அதே நாளில் படிக்கலாம் என்றானது. முகவரி இல்லாதவர் பழையபடி காத்திருக்க வேண்டியதுதான். பிற்பாடு அந்தக் களஞ்சியத்தின் இந்தியப் பிரதி நம் சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலேயே இருந்தது.

இனி அந்தத் தபால் ஆபீஸை நடத்துபவர்களின் பாடு. செர்னின் பெரிய ஐபிஎம் கணினியை 1996இல் மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. பழைய முகவரிகளோ உலகம் முழுவதும் அச்சான கட்டுரைகளில் இருந்தன. வீடு மாறினால் தபால்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம் அல்லவா, கணினி மாறினால் அந்தத் தபால்காரர் வேலையை மத்திய மெயில் சேவைதான் செய்ய வேண்டும். ஆள் எந்தக் கணினியில் இருக்கிறார் என்று வெளியே தெரிய வேண்டாம், பெயரும் 'அட் செர்ன்' என்பதும் தெரிந்தால் போதும், உள்ளே எங்கே கொண்டு சேர்ப்பது என்பது எங்கள் கவலை என்பதே மத்திய சேவையின் அடிப்படை.

மறுமுனைக் கணினி அடைத்துக் கிடந்தால் மெயிலைத் தூக்கி எறியக் கூடாது. வரிசையில் வைத்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, நாலைந்து நாள் கழித்தே அனுப்பியவருக்குத் திருப்ப வேண்டும் என்பது மரபு. விடுமுறையில் போனவரின் தானியங்கிப் பதிலும் இன்னொரு விடுமுறைக்காரரின் தானியங்கிப் பதிலும் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டே ராத்திரி முழுவதும் ஓடினால் அதை வெட்டிவிட வேண்டும். 1987 டிசம்பரில் ஜெர்மனியின் கிளாஸ்தால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவர் கிறிஸ்மஸ் மரம் வரையும் சிறு நிரல் ஒன்றை அனுப்பினார். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அது தானாகத் தன்னை அனுப்பிக்கொண்டது. எர்ன், பிட்நெட் என்று பரவி ஐபிஎம் கம்பெனியின் சொந்த வலையமைப்பையே திணற அடித்தது. அன்றிலிருந்து மெயில் நடத்துபவர்களுக்கு யாருடைய வாழ்த்து மடலைப் பார்த்தாலும் பயம்தான். பின்னால் குப்பை மெயில் வெள்ளமாக வந்தது. வடிகட்டியை இறுக்கினால் ஏதோ ஓர் ஏழை நாட்டுப் பல்கலைக்கழகத்தின் உண்மையான கடிதமும் குப்பையில் விழும், தளர்த்தினால் எல்லார் பெட்டியும் நாறும். எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார்.

அந்த யாரோ ஒருவருக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. 1982இல் எழுதிய இன்டர்நெட் மெயில் விதியில், மெயில் பெறும் எந்த இடத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருந்தே ஆக வேண்டும், அதற்கு வரும் கடிதம் பொறுப்பான ஒரு மனிதருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இருக்கிறது. என் மாமா கிராமத்துப் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். மணியார்டர் வராத கிழவிகளின் முதல் திட்டு அவருக்குத்தான். கணினி உலகத்திலும் அதே நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது சிரிப்பு வந்தது.

இனிதான் முக்கியமான இடம். காலப்போக்கில் செர்னின் மெயில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் ஓடத் தொடங்கியிருந்தது. சுமார் இருபது வருடமாகக் கல்வி நிறுவனம் என்ற முறையில் செர்னுக்குச் சலுகை விலை. பழைய ஒப்பந்தம் 2019 மார்ச்சில் முடிந்தபோது, நீங்கள் கல்வி நிறுவனம் அல்ல என்று அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். புதிய கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று. செலவு பத்து மடங்குக்கு மேல் ஏறும் என்று செர்னே வெளியிட்ட செய்தியில் சொன்னது.

தலைக்கு இவ்வளவு என்பது ஒரு வங்கிக்கு நியாயமான கணக்கு. அங்கே தலை எண்ணினால் ஊழியர் எண்ணிக்கை வரும். செர்னில் தலை எண்ணினால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். சிக்கனம் செய்ய வேண்டுமென்றால் எளிய வழி ஒன்றுதான்: ஊழியருக்கு மட்டும் பெட்டி, விருந்தாளிக்குக் கிடையாது. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் இரண்டு பரிசோதனைக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். அவர்களில் பெரும்பாலோர் விருந்தாளிகள்.

நிலைமை வரப்போகிறது என்று தெரிந்து, செர்ன் ஒரு வருடம் முன்பே 'மால்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மைக்ரோசாஃப்டுக்கு மாற்று என்பதன் சுருக்கம். அதற்கு அவர்கள் வைத்த கொள்கைகளில் முதலாவது, எல்லா வகை ஆட்களுக்கும் ஒரே சேவை கொடுக்க வேண்டும் என்பது. ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது, தரவு நம் கையில் இருக்க வேண்டும் என்பவையும் உண்டு. மெயிலுக்கு, 2019 கோடையில் தங்கள் கணினித் துறை ஆட்களையும் தாமாக முன்வந்தவர்களையும் வைத்து முன்னோட்டம் பார்க்கத் திட்டமிட்டார்கள். சமைத்தவன் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அந்தக் கம்பெனியை நான் திட்டவில்லை. அவர்கள் பொருள், அவர்கள் விலை. சொந்தமாக மெயில் நடத்துவதும் சும்மா வராது. அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க ஒருவர் வேண்டும். ஆனாலும் விலை ஏறியபோது அவர்கள் 'எத்தனை பேரைக் குறைக்கலாம்' என்று தொடங்காமல் 'எல்லாருக்கும் ஒரே சேவை' என்று தொடங்கியதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அங்கே இருந்த நம் பையன் ஒரு முறை சொன்னான்: "சார், நான் இந்தியாவிலிருந்து உதவித்தொகையில போன மாணவன். என் முகவரியும் 'அட் செர்ன்', டைரக்டர் ஜெனரல் முகவரியும் 'அட் செர்ன்'. கூட்டத்துல சந்தேகம் கேட்டு மெயில் போட்டா, இவன் யாருன்னு யாரும் பார்க்க மாட்டாங்க. கேள்வியத்தான் பார்ப்பாங்க." அப்போது ஏதோ பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

என் மாணவி விஷயத்துக்கு வருகிறேன். சஞ்சிகை அலுவலகத்துக்குத் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதி, அடையாளம் காட்டி, கெடுவை நீட்டித் தரக் கேட்டிருக்கிறாள். பழைய பெட்டியில் உள்ள கடிதங்களின் நகலையாவது கொடுங்கள், புதிதாக வருவதை ஒரு வருடம் திருப்பி அனுப்புங்கள் என்று நிறுவனத்துக்கும் ஒரு விண்ணப்பம். அந்த விண்ணப்பத்தை இருவரும் போனிலேயே உட்கார்ந்து எழுதினோம். நான்கு திருத்தம் சொன்னேன், மூன்றை ஏற்றுக்கொண்டாள். பதில் இன்னும் வரவில்லை.

1998 செட்டில் ஒருவன் பெங்களூரில் மெயில் சர்வர் பார்க்கும் வேலையில் இருக்கிறான் என்று கேள்வி. தம்பி, நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்து. அப்படியே, வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டியை உங்கள் கம்பெனியில் எத்தனை நாள் திறந்து வைக்கிறீர்கள் என்றும் எழுது. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ள உதவும்.